வயிறு முட்டச் சாப்பிட்ட மறுநாள்: டயட்டில் இருப்பவர்களுக்கான கேள்வி பதில்

தீபாவளி முடிந்து மூன்று நாள் ஆகிறது. எடை குறைக்கும் முயற்சியின் நடுவில் அளவு மீறிச் சாப்பிட்டுவிட்டு மனசு கேட்காமல் இருப்பவர்கள் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், நிறையவே வந்திருக்கின்றன. பதினாறு வருடமாக டயட்டீஷியனாக வேலை பார்க்கிறேன். டாக்டர் இல்லை, அதனால் மாத்திரை மருந்து பற்றிக் கேட்டால் உங்கள் டாக்டரிடம்தான் அனுப்புவேன்.

கேள்வி (ஈரோடு, 34 வயது): அக்கா, நாலு மாதத்தில் 6 கிலோ குறைத்திருந்தேன். தீபாவளி அன்று காலையில் அதிரசமும் முறுக்கும், மதியம் மட்டன் பிரியாணி, சாயங்காலம் தங்கை வீட்டு மைசூர்பாகு. மறுநாள் எடை பார்த்தால் 1.8 கிலோ ஏறியிருக்கிறது. பட்ட கஷ்டமெல்லாம் ஒரே நாளில் போய்விட்டதே என்று அழுகையாக வருகிறது. இன்று முழுக்க மோர் மட்டும் குடித்து இருக்கட்டுமா?

பதில்: வேண்டாம். அந்த மோர் விரதம்தான் என்னுடைய முதல் கவலை, 1.8 கிலோ இல்லை.

ஒரு கிலோ உடல் கொழுப்பு என்பது ஏறக்குறைய 7,700 கலோரி. உங்கள் உடம்புக்கு ஒரு நாளைக்குத் தேவையானதற்கு மேல் 1,500 கலோரி கூடுதலாகவே சாப்பிட்டிருந்தாலும், அது முழுசும் கொழுப்பாக மாறினால்கூட 200 கிராமைத் தொடாது. மிச்சம் எங்கிருந்து வந்தது? அரிசி, மாவு, சர்க்கரையில் ஒரு பகுதியை உடம்பு தசையிலும் ஈரலிலும் கிளைக்கோஜனாகச் சேர்த்து வைக்கும், அதில் ஒவ்வொரு கிராமும் தன்னோடு சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். நாலு மாதமாகக் குறைவாகச் சாப்பிட்டதில் அந்தச் சேமிப்பு கொஞ்சம் காலியாக இருந்திருக்கும், ஒரே நாளில் நிரம்பியது. பிரியாணியிலும் முறுக்கிலும் இருக்கிற உப்பு இன்னும் கொஞ்சம் தண்ணீரை நிறுத்தி வைக்கும். சாப்பிட்டதே இன்னும் முழுசாக வெளியே போயிருக்காது. எடை மெஷினுக்கு இதெல்லாம் தெரியாது, அது எல்லாவற்றையும் சேர்த்து ஒரு எண்ணைக் காட்டிவிட்டது, நீங்கள் அதைக் கொழுப்பு என்று படித்துவிட்டீர்கள். வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் நாலைந்து நாளில் பெரும்பகுதி தானாக இறங்கும்.

இப்போது மோருக்கு வருகிறேன். இன்று மோரோடு இருந்தால் சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டில் மிச்சம் இருக்கிற பலகார டப்பா கண்ணில் படும். காலையிலிருந்து பட்டினி, மனசிலும் பாரம். என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். எடை குறைப்பைக் கெடுப்பது பெரும்பாலும் அந்தத் தீபாவளி நாள் இல்லை, அதற்குத் தண்டனையாக வைத்துக்கொள்கிற பட்டினியும் அந்தப் பட்டினி கொண்டுவருகிற அடுத்த சுற்றும்தான். எத்தனையோ பேரிடம் பார்த்துவிட்டேன். அதனால் காலைச் சாப்பாட்டை அதன் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். இரண்டு இட்லி, சாம்பார், ஒரு முட்டை. அடுத்த எடை ஐந்து நாள் கழித்து.

கேள்வி: பத்து லட்டு சாப்பிட்டுவிட்டேன். கரைக்க எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்?

பதில்: 65 கிலோ எடை உள்ளவர் ஒரு கிலோமீட்டர் நடந்தால் சுமார் 50 கலோரி செலவாகும். நடுத்தர லட்டு ஒன்றுக்கே மூணு, மூணரை கிலோமீட்டர். இந்தக் கணக்கைப் போட ஆரம்பித்தால் நடை என்பது அபராதம் ஆகிவிடும், அபராதம் கட்ட யாருக்கும் பிடிக்காது, ஒரு வாரத்தில் நடையே நின்றுவிடும். தினமும் நடக்கிற தூரம் நடங்கள், போதும்.

கேள்வி (திருநெல்வேலி): மாமியார் "இன்னும் ஒண்ணு வெச்சுக்கோம்மா" என்று வைத்துவிடுகிறார். மறுத்தால் முகம் வாடுகிறது.

பதில்: வைத்ததைப் பாதி சாப்பிட்டு, "நல்லா இருக்கு அத்தை, மிச்சத்தை ராத்திரி சாப்பிடறேன்" என்று எடுத்து வையுங்கள். பாசத்தை ஏற்றுக்கொண்ட மாதிரியும் ஆச்சு.

கேள்வி (கோவை, 41 வயது): மேடம், நீங்கள் சொல்வது தவறாகப் படுகிறது. நான் 18 கிலோ குறைத்தவன். குற்ற உணர்ச்சி இருந்ததால்தான் குறைத்தேன். தப்பு செய்தவனுக்கு உறுத்தல் இல்லாவிட்டால் ஒழுக்கம் எப்படி வரும்? தட்டிக்கொடுத்தே எல்லாரையும் குண்டாக்கிவிடுவீர்கள் போல.

பதில்: 18 கிலோ குறைப்பது சாதாரண வேலை இல்லை, வாழ்த்துகள். ஆனால் உறுத்தல்தான் உங்களைக் குறைக்க வைத்தது என்பதை நான் ஏற்கவில்லை. இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள்.

1975ல் ஹெர்மன், மேக் என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவிகளுக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்தார்கள், சிலருக்கு ஒன்று, சிலருக்கு இரண்டு, சிலருக்கு எதுவும் இல்லை. பிறகு ருசி பார்த்துச் சொல்லுங்கள் என்று ஐஸ்கிரீம் வைத்தார்கள். டயட் கட்டுப்பாடு இல்லாதவர்கள் மில்க் ஷேக் குடித்தபின் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். டயட்டில் கெடுபிடியாக இருந்தவர்கள், மில்க் ஷேக் குடித்தபின் அதிகமாகச் சாப்பிட்டார்கள். "தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன" என்று நம் ஊரில் சொல்வோமே, அதேதான். இன்றைய டயட் உடைந்துவிட்டது, இனி என்ன, நாளையிலிருந்து பார்ப்போம்.

2007ல் ஆடம்ஸ், லியரி என்ற இருவர் அடுத்த படியைப் பார்த்தார்கள். டோனட் சாப்பிடக் கொடுத்துவிட்டு, சாப்பிட்டவர்களில் ஒரு பகுதியினரிடம் மட்டும் "எல்லாரும்தான் இதைச் சாப்பிடுகிறார்கள், உங்களையே நொந்துகொள்ளாதீர்கள்" என்கிற மாதிரி ஓரிரு வார்த்தை சொன்னார்கள். டயட் கெடுபிடி உள்ளவர்களில் அந்த ஆறுதலைக் கேட்டவர்கள் அடுத்து வைத்த மிட்டாயைக் குறைவாகச் சாப்பிட்டார்கள். தட்டிக்கொடுத்தால் குண்டாவார்கள் என்ற உங்கள் பயத்துக்கு நேர் எதிரான முடிவு.

கேள்வி (அதே கோவைக்காரர்): ஐஸ்கிரீம் தின்ற மாணவிகளை வைத்து என் அனுபவத்தைத் தள்ளிவிட முடியாது. உறுத்தல் வந்தது, மறுநாள் காலை ஐந்து மணிக்கு எழுந்து ஓடினேன். இதுதான் உண்மை.

பதில்: உங்கள் அனுபவத்தைத் தள்ளவில்லை, இன்னும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கச் சொல்கிறேன். "நேற்று கூடிவிட்டது, இன்று சரியாக இருப்போம்" என்பது வருத்தம். அது செய்த காரியத்தைப் பற்றியது, அதிலிருந்து கற்றுக்கொள்ளலாம். "நான் ஒரு கட்டுப்பாடு இல்லாத ஜென்மம், எனக்கெல்லாம் உருப்படாது" என்பது வேறு. அது ஆளைப் பற்றியது. முதலாவது உங்களை ஐந்து மணிக்கு எழுப்பியிருக்கும். இரண்டாவதில் மாட்டிக்கொண்டவர்கள் எழுந்து ஓடுவதில்லை, போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறார்கள், இங்கே எழுதுகிறவர்களில் பாதிப் பேர் அவர்கள்தான். உங்கள் முதல் வரியைப் படித்துவிட்டு அவர்கள் இன்னும் சுருண்டுவிடக் கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கேள்வி (ஸ்ரீரங்கம்): அப்படியானால் ஏகாதசி விரதமும் தப்பா? எங்கள் வீட்டில் பாட்டி காலத்திலிருந்து இருக்கிறோம். பட்டினி என்றாலே நீங்கள் பதறுகிறீர்கள்.

பதில்: தப்பு என்று சொல்லவே இல்லை அம்மா. உங்கள் பாட்டி முந்தின நாள் லட்டு சாப்பிட்டதற்காக விரதம் இருக்கவில்லை. நாள் முன்கூட்டியே தெரியும், வீடே சேர்ந்து இருக்கும், மறுநாள் பாரணையில் என்ன சமையல் என்பதும் முடிவானது. கோபத்தில் தனக்குத்தானே போட்டுக்கொள்கிற பட்டினியைத்தான் சொல்கிறேன்.

பட்டினி உணவைப் பற்றிய நினைப்பை என்ன செய்யும் என்பதற்கு ஒரு உச்சக்கட்ட உதாரணம் உண்டு. 1944-45ல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் 36 ஆரோக்கியமான இளைஞர்களை 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்தார். எடையில் கால் பங்கு போனது. சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போனது, சிலர் சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள். பட்டினி முடிந்தபின் சிலருக்கு வயிறு நிறைந்தும் நிறுத்த முடியவில்லை. மனவுறுதி பார்த்துப் பொறுக்கி எடுத்த ஆட்களுக்கே அந்தக் கதி.

கோவைக்காரர் இன்னும் இரண்டு முறை எழுதியிருக்கிறார், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள், அதனால் இந்த விவாதத்தை இங்கே நிறுத்துகிறேன்.

கேள்வி: ஒரு பிரியாணிக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட வேண்டும்?

பதில்: மேலே லட்டுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி: வெந்நீரில் எலுமிச்சை, சீரகத் தண்ணீர், கிரீன் டீ, எது கொழுப்பைக் கழுவும்?

பதில்: எதுவும் கழுவாது. பிடித்திருந்தால் குடியுங்கள்.

கேள்வி (மதுரை, 52 வயது): சர்க்கரைக்கு கிளிமிபிரைடு மாத்திரை எடுக்கிறேன். நேற்று இனிப்பு அதிகமாகிவிட்டது, இன்று இரவுச் சாப்பாட்டை விட்டுவிடலாமா?

பதில்: விடக் கூடாது ஐயா. அந்த மாத்திரையோடு சாப்பாட்டைத் தவிர்த்தால் சர்க்கரை அபாயமாக இறங்கலாம், இன்சுலின் போடுகிறவர்களுக்கும் இதேதான். நேரத்துக்குச் சாப்பிடுங்கள், சர்க்கரை அளவைச் சோதித்து உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கேள்வி (20 வயது, ஹாஸ்டல்): அக்கா, பெயர் வேண்டாம். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை எல்லாரும் தூங்கியபின் தனியாக உட்கார்ந்து நிறுத்த முடியாமல் சாப்பிடுகிறேன். பிஸ்கட் பாக்கெட் மூன்று நாலு. பிறகு பயந்துபோய் வாந்தி எடுத்துவிடுகிறேன். ஆறு மாதமாக யாரிடமும் சொன்னதில்லை.

பதில்: எழுதினீர்களே, அதுவே பெரிய விஷயம். இன்று வந்ததில் முக்கியமான கேள்வி இதுதான்.

இது மனவுறுதிக் குறைவு இல்லை, சிகிச்சை உள்ள ஒரு நோய். நிறுத்த முடியாமல் சாப்பிடுவது, பிறகு வாந்தி அல்லது பேதி மாத்திரை, இது வாரம் ஒரு முறை வீதம் மூன்று மாதம் தொடர்ந்தாலே மனநல மருத்துவர்கள் அதைத் தனி நோயாகக் கணக்கில் எடுக்கிறார்கள். வாந்தி எடுக்காமல் அப்படிச் சாப்பிட்டுவிட்டுக் கூனிக் குறுகுவதும் 2013லிருந்து அமெரிக்க மனநல மருத்துவ வகைப்பாட்டில் தனி நோய்தான். அதனால் இதைப் படிக்கிற மற்றவர்களும் கவனியுங்கள்.

வாந்தி சாப்பிட்டதை முழுக்க வெளியேற்றாது. பொட்டாசியத்தை இறக்கும், அது இதயத்துடிப்பையே தடுமாற வைக்கலாம். படபடப்பு, மயக்கம், கைகால் துவண்டு போவது இருந்தால் அன்றே ஆஸ்பத்திரி. வாந்திக்குப் பிறகு உடனே பல் தேய்க்காதீர்கள், அமிலத்தில் இளகிய எனாமல் தேயும், வெறும் தண்ணீரில் கொப்பளியுங்கள்.

நாளைக்கே 14416க்குப் போன் செய்யுங்கள், அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், தமிழில் பேசலாம், இலவசம், எந்நேரமும் எடுப்பார்கள். ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். எடை குறைக்கும் முயற்சியைச் சிகிச்சை பிடிபடும்வரை நிறுத்தி வையுங்கள், டயட்டீஷியனாகவே சொல்கிறேன். மூன்று வேளையும் நடுவில் இரண்டு சின்னச் சாப்பாடும், நாலு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடாமல். இந்த நோய்க்கான சிகிச்சையிலும் ஆரம்பப் படிகளில் ஒன்று இதுதான். எனக்குத் தனியாகவும் எழுதுங்கள்.

கேள்வி: ஆறு அதிரசத்துக்கு எவ்வளவு நடை?

பதில்: மூன்றாவது முறை. நடையை அதிரசத்தோடு முடிச்சுப் போடாதீர்கள், தயவுசெய்து.

கேள்வி (சென்னை): மதியம் கல்யாணப் பந்தியில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டேன். இப்போது மணி எட்டரை. பெரிதாகப் பசி இல்லை, ஆனால் சாப்பிடாமல் படுத்தால் நீங்கள் சொன்ன தண்டனைப் பட்டினி ஆகிவிடுமோ என்று பயம்.

பதில்: பசி இல்லாததால் சாப்பிடாமல் இருப்பது தண்டனை இல்லை. ஒரு டம்ளர் பால் குடித்துவிட்டுப் படுங்கள், நடுவில் பசித்தால் ஒரு வாழைப்பழம். காலையில் வழக்கம்போல டிபன்.