கதவைப் பூட்டிய பின்பு வார்த்தை வராவிட்டால்

வாசகர் கேள்வி - பதில்: தனி ஜெபம்

கேள்வி: பல ஆண்டுகளாக நாள்தோறும் தனியே ஜெபித்து வருகிறேன். ஆனால் சில மாதங்களாக முழங்காற்படியிட்டவுடன் வார்த்தைகள் வற்றிப்போகின்றன. முடிக்காத அலுவலக வேலையும் கட்ட வேண்டிய கடனுமே நினைவுக்கு வருகின்றன. சபையில் மற்றவர்கள் தடையின்றி ஜெபிப்பதைக் கேட்கும்போது, என்னுடையது ஜெபமே அல்ல என்று தோன்றுகிறது. நான் என்ன செய்வது?

பதில்: சகோதரி, "முழங்காற்படியிட்டவுடன்" என்று எழுதியிருக்கிறீர்கள். வார்த்தை வராத இந்த மாதங்களிலும் நீங்கள் முழங்காற்படியிடுவதை விட்டுவிடவில்லை என்பதை அந்த ஒரு சொல்லே சொல்லிவிடுகிறது. அதை நான் சிறிய காரியமாக எண்ணவில்லை.

சபையில் ஒருவர் ஜெபிக்கும்போது மற்றவர்கள் ஆமென் சொல்ல வேண்டியிருப்பதால், அந்த ஜெபத்துக்குக் கோவையான சொற்கள் தேவைப்படுகின்றன. தனி ஜெபத்தைக் கேட்பவரோ ஒருவரே. "உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப்பூட்டி" ஜெபம்பண்ணு என்று மத்தேயு 6:6-இல் ஆண்டவர் சொல்லும் இடத்தில், அறைவீடு என்பதற்குக் கிரேக்க மூலத்தில் உள்ள சொல்தான் லூக்கா 12:24-இல் காகங்களுக்குப் பண்டசாலை இல்லை என்று சொல்லும் இடத்திலும் வருகிறது. வீட்டுப் பொருள்களைப் போட்டு வைக்கும் உள்ளறை, வந்தவர் யாரும் எட்டிப் பார்க்காத அறை என்பதே அதன் பொருள். முடிக்காத வேலையும் தீராத கடனும் குவிந்துகிடக்கும் மனத்தோடு அங்கே போவதில் பொருத்தக்கேடு ஒன்றும் இல்லை.

ஆகவே குறுக்கிடும் எண்ணங்களைத் துரத்துவதில் பலத்தைச் செலவழிக்க வேண்டாம். நான் ஜெபிக்கும் இடத்தில் ஒரு தாளும் பென்சிலும் வைத்திருக்கிறேன். குறுக்கே வரும் எண்ணத்தை ஒரே சொல்லில் எழுதிவிட்டு, அந்தச் சொல்லையே ஆண்டவரிடம் சொல்லுகிறேன். ஒரு நாள் காலையில் தாளைப் பார்த்தபோது, உடன் பணிபுரியும் ஒருவரின் பெயர் அதில் நான்கு முறை எழுதப்பட்டிருந்தது. அவர்மேல் எனக்கிருந்த மனக்கசப்பை நான் அதுவரை ஜெபத்தில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. கவனச்சிதறல் என்று நான் தள்ளிக்கொண்டிருந்ததே அன்று சொல்லப்பட வேண்டிய ஜெபமாக இருந்தது.

சொந்த வார்த்தை வராத நாளில் இரவல் வார்த்தை போதும். நூற்றைம்பது சங்கீதங்கள் அதற்காகவே நம் கையில் இருக்கின்றன. அப்படி வாசிப்பதை உயிரற்ற சடங்கு என்று சிலர் குறை கூறுவதை நான் ஏற்கவில்லை. சிலுவையில் தொங்கியபோது இயேசு எடுத்துக்கொண்டதும் "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்ற 22-ஆம் சங்கீதத்தின் முதல் வார்த்தைகளைத்தான். இரவல் வார்த்தையும் வராத நாள் உண்டு. பிள்ளையில்லாத அன்னாள் ஒரு பிள்ளைக்காக ஜெபித்தபோது உதடுகள் மட்டுமே அசைந்தன, சத்தம் கேட்கவில்லை. அருகிலிருந்து பார்த்த ஆசாரியனாகிய ஏலி அவளைக் குடிவெறி கொண்டவள் என்றே நினைத்தான். ஆனால் கர்த்தர் அவளை நினைத்தருளினார் என்று வேதம் சொல்லுகிறது. எப்படி வேண்டிக்கொள்வது என்று அறியாத நமக்காக ஆவியானவரே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு வேண்டுதல் செய்கிறார் என்று பவுல் எழுதியிருப்பதும் (ரோமர் 8:26) இப்படிப்பட்ட மாதங்களுக்காகத்தான்.

கேள்வி: நமக்கு இன்னது தேவை என்பதைக் கடவுள் முன்னமே அறிந்திருக்கிறார் என்றால், நாம் ஏன் கேட்க வேண்டும்?

பதில்: நீங்கள் சுட்டும் கருத்து மத்தேயு 6:8-இல் இருக்கிறது. அதற்கு அடுத்த வசனத்திலேயே ஆண்டவர் பரமண்டல ஜெபத்தைக் கற்பிக்கத் தொடங்கி, அன்றன்றுள்ள அப்பத்தையும் கேட்கச் சொல்லுகிறார். பிதா அறிந்திருக்கிறார் என்பதால் வீண் வார்த்தைகளை அலப்ப வேண்டியதில்லை என்பதே அவருடைய வாதம். கேட்கவே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

410-இல் ரோம் நகரம் சூறையாடப்பட்ட பின்பு ஆப்பிரிக்காவுக்கு வந்து சேர்ந்த புரோபா என்ற விதவை, எப்படி ஜெபிப்பது என்று கேட்டபோது, ஆயர் அகஸ்தீன் எழுதிய நீண்ட பதில் கடிதம் இன்றும் இருக்கிறது. நம் விருப்பத்தைத் தெரிந்துகொள்வதற்காகக் கடவுள் நம்மைக் கேட்கச் சொல்லவில்லை, அவர் தர ஆயத்தமாக வைத்திருப்பதைப் பெற்றுக்கொள்ளும் அளவுக்கு நம் வாஞ்சை விரிய வேண்டும் என்பதற்காகவே கேட்கச் சொல்லுகிறார் என்பது அதன் சாரம். ஒன்றை ஆண்டுக்கணக்கில் கேட்டவர்கள் இதை அறிவார்கள். கேட்டுக்கொண்டே இருக்கையில் நாம் கேட்கும் பொருளும் மெல்ல மாறுகிறது.

கேள்வி: ஒரு நாளில் எவ்வளவு நேரம் ஜெபிக்க வேண்டும்? அதிகாலையில் எழ என்னால் முடிவதில்லை.

பதில்: இயேசு இருட்டோடே எழுந்து ஜெபித்தார் என்று மாற்கு 1:35 கூறுகிறது, இரவு முழுவதும் ஜெபித்தார் என்று லூக்கா 6:12 கூறுகிறது. எத்தனை மணி நேரம் என்ற கட்டளையை அவர் யாருக்கும் கொடுக்கவில்லை. எகிப்தின் துறவிகள் அம்பு எய்வதுபோலச் சுருக்கமாகவும் அடிக்கடியும் ஜெபித்ததை அகஸ்தீன் அதே கடிதத்தில் பாராட்டுகிறார். உங்களால் தவறாமல் காக்கக்கூடிய பத்து நிமிடத்தை, எந்த வேளையிலாயினும், ஒதுக்கி வையுங்கள்.

கேள்வி: நோயுற்ற என் தாய்க்காக உபவாசமிருந்து ஜெபித்தேன். அவர் இறந்துவிட்டார். எனக்கு விசுவாசம் போதவில்லை என்று சபையார் சிலர் சொன்னார்கள். அன்றிலிருந்து என்னால் ஜெபிக்க முடியவில்லை.

பதில்: அவர்கள் சொன்னது தவறு, அதைத் தயக்கமின்றிச் சொல்லுகிறேன். "என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு கதறிய தகப்பனின் பிள்ளையை இயேசு குணமாக்கினார். முள் என்று தாம் அழைத்த சரீர வேதனை நீங்கும்படி மூன்றுதரம் வேண்டிய பவுலுக்கோ அது நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதிலே வந்தது. கெத்செமனே தோட்டத்தில் இயேசுவும், தமக்கு வரவிருந்த பாடுகளாகிய பாத்திரம் நீங்கும்படி மூன்றுதரம் அதே வார்த்தைகளைச் சொல்லி வேண்டினார், அது நீங்கவில்லை. அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று யார் சொல்லத் துணிவார்?

என் தம்பியின் கட்டிலருகே ஓர் இரவு முழுவதும் உட்கார்ந்திருந்தேன். சுவாசக் கருவியின் ஒலி ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் "ஆண்டவரே" என்ற ஒரு சொல்லை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். விடிவதற்குள் அவன் போய்விட்டான். அதன்பின் ஆறு மாதம் அந்தச் சொல்லை என்னால் வாய்திறந்து சொல்ல முடியவில்லை. அந்நாள்களில் எனக்கு உதவியது 88-ஆம் சங்கீதம். பதினெட்டு வசனங்களும் புலம்பலாகவே சென்று, ஆறுதலாக ஒரு வரிகூட இல்லாமல் அது முடிகிறது. அப்படியிருந்தும் அதை எழுதியவர் நான்கு இடங்களில் கர்த்தரைப் பெயர் சொல்லி அழைக்கிறார். முடிந்தால் இன்றிரவு அதை மெதுவாக வாசியுங்கள். "கர்த்தாவே" என்று வரும் ஒவ்வோர் இடத்திலும் சற்று நிறுத்தி, கோபமானாலும் அழுகையானாலும் உங்களுக்குள் இருப்பதை அங்கே சொல்லுங்கள்.