கார் ஷெட்டுக்குள் தடுப்புச் சுவர்: கேள்வியும் பதிலும்

கார் ஷெட்டை அறைகளாக மாற்றும்போது, மரச்சட்டம் நிறுத்தி ஜிப்சம் பலகை அடித்து எழுப்பும் உள் தடுப்புகளைப் பற்றிச் சிலர் கேட்டிருந்தனர். தச்சு வேலையில் நீண்ட நாள் பழகிய ஒருவர் அளித்த பதில்கள் இவை.

கேள்வி: நிறுத்துச் சட்டங்கள் எல்லாவற்றையும் ஒரே நீளத்தில் அறுத்து வைத்துக்கொள்ளலாமா, ஐயா?

பதில்: அவசரப்பட வேண்டாம். வண்டியோடு வரும் மழைநீர் வெளியே ஓட வேண்டும் என்பதற்காக, கார் ஷெட்டின் தளத்தைப் பெரும்பாலும் வாசலை நோக்கி வாட்டம் கொடுத்தே போட்டிருப்பார்கள். அடிக்கு அரைக்கால் அங்குலம்தான் வாட்டம் என்றாலும், வாசலிலிருந்து உள்ளே செல்லும் 16 அடிச் சுவரின் இரு முனைகளுக்கும் இடையே 2 அங்குலம் வேறுபடும். ஆகவே முதலில் தரையில் நூல் அடித்து, தூக்குக்குண்டால் அந்தக் கோட்டை மேலே ஏற்றி, தரையில் படுக்கும் கீழ்ச்சட்டத்தையும் மேலே படுக்கும் மேல்சட்டத்தையும் பொருத்திய பிறகு, ஒவ்வொரு சட்டத்துக்கும் உரிய உயரத்தைத் தனித்தனியே அளந்து, எண் எழுதி அறுங்கள். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் குட்டையாக அறுத்த சட்டத்தை நீளமாக்க வழியில்லை.

வாசலுக்கு இணையாகக் குறுக்கே ஓடும் சுவரில் இந்தத் தொல்லை குறைவு என்பதால், அதைத் தரையிலேயே கோத்துத் தூக்கி நிறுத்தலாம். அப்படிச் செய்வதானால் மொத்த உயரத்தில் கால் அங்குலம் குறைத்துக்கொள்ளுங்கள். படுத்திருக்கும் சுவர் நிமிரும்போது அதன் மூலைவிட்டம் உயரத்தைவிடச் சற்று நீளம் என்பதால், மேலே இடித்துக்கொண்டு நின்றுவிடும். மேலே முக்கோணக் கூரைச் சட்டங்கள் இல்லையென்றால், மீதமுள்ள சந்தில் ஆப்பு வைத்து இறுக்கிவிடலாம். தளத்தையே மட்டப்படுத்தும் எண்ணம் இருந்தால், அதை முடித்துவிட்டு அளவெடுங்கள்.

கேள்வி: கீழ்ச்சட்டத்தைக் கான்கிரீட்டின் மேல் நேரடியாக வைக்கலாமா?

பதில்: சாதாரண மரத்தை வைக்கக் கூடாது. கான்கிரீட் பார்வைக்கு உலர்ந்திருந்தாலும் மண்ணின் ஈரத்தை மெல்ல மேலே இழுத்துக்கொண்டே இருக்கும். அந்த ஈரம் மரத்தை உளுக்கச் செய்யும், கரையானையும் வரவழைக்கும். அழுத்த முறையில் மருந்தேற்றிய மரத்தைக் கீழ்ச்சட்டமாக வைத்து, அதற்கும் தளத்துக்கும் நடுவே மெல்லிய நுரைப் பட்டையை விரியுங்கள். அந்த மருந்தில் உள்ள செம்பு வெறும் இரும்பை அரிக்கும் என்பதால், துத்தநாகம் பூசிய ஆணிகளும், சட்டத்தைக் கான்கிரீட்டோடு பிணைக்கும் ஆங்கர்களுமே தேவை. வேலை தொடங்கும் முன் ஒரு பிளாஸ்டிக் தாளைத் தளத்தில் விரித்து நான்கு ஓரங்களையும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அடியில் நீர் வேர்த்திருந்தால், சுவரைவிட ஈரத்துக்கு வழி காண்பதே முதல் வேலை.

கேள்வி: சட்டங்களுக்கு இடையே 16 அங்குலமா, 24 அங்குலமா?

பதில்: 4 அடி அகலப் பலகையின் ஓரம் இரண்டு அளவிலும் ஒரு சட்டத்தின் மேல் வந்து விழும். கனமான அலமாரி தொங்கப்போகும் சுவருக்கு 16 அங்குலமே என் விருப்பம். இது சட்டத்தின் மையத்திலிருந்து அடுத்த சட்டத்தின் மையத்துக்கு உள்ள தூரம். நடுவில் உள்ள வெற்றிடம் அல்ல. முதல் இடைவெளியில் மட்டும், முதல் சட்டத்தின் வெளி விளிம்பிலிருந்து இரண்டாம் சட்டத்தின் மையம் 16 அங்குலத்தில் அமைய வேண்டும். அங்கே தவறினால், பலகையின் ஓரம் சட்டத்தின் நடுவில் வந்து நிற்காது.

கேள்வி: மேலே முக்கோணக் கூரைச் சட்டங்கள் உள்ளன. மேல்சட்டத்தை அவற்றோடு இறுக அடித்துவிடலாமா?

பதில்: கூடாது. அந்தக் கூரைச் சட்டங்கள் வெளிச் சுவர்களில் மட்டும் தாங்கி நிற்குமாறு கணக்கிடப்பட்டவை. நடுவில் ஒரு சுவர் முட்டுக்கொடுத்தால், பாரம் எதிர்பாராத இடத்தில் இறங்கும். ஈரப்பதம் மாறும்போது அவை நடுவில் சற்றே மேலெழுவதும் உண்டு. இறுக அடித்திருந்தால் பலகை மூலைகளில் வெடிப்பு ஓடும். சுமார் அரை அங்குலச் சந்து விட்டு, மேலும் கீழும் நழுவ இடம் தரும் உலோகப் பிடிகளால் இணையுங்கள். சுவர் பக்கவாட்டில் சாயாது, கூரையும் தன் போக்கில் அசையும்.

கேள்வி: கதவுக்கு எவ்வளவு இடம் விட வேண்டும்?

பதில்: கதவுப் பலகையின் அகலத்தைவிட 2 அங்குலம் கூடுதல் போதும். பாரம் தாங்காத தடுப்பு ஆதலால் கதவுக்கு மேலே கனமான உத்தரம் வேண்டியதில்லை. கீழ்ச்சட்டத்தைக் கதவு வரும் இடத்தின் குறுக்கேயும் விட்டுவைத்து, சுவர் நின்ற பிறகு அந்தத் துண்டை அறுத்தெடுங்கள். அந்த இடத்தில் மட்டும் ஆங்கர் இறக்கிவிடாதீர்கள்.