அழுற முகம்தான் படமா? - வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணா,
நான் மூதூர். ஒரு இணைய நியூஸ் பக்கத்துக்கு போன்ல படம் எடுத்து அனுப்புறனான். வெள்ளத்தில எடுத்த ரெண்டு படம் இதோட இருக்கு. "அழுற முகத்தை கிட்டப் போய் எடு, அதுதான் ஓடும்" எண்டுறார் எடிட்டர். அப்பிடி எடுத்ததைப் பாத்தா எனக்கே ஒண்டும் செய்யுதில்ல. ஆனா சில செய்திப் படம் மட்டும் ஏன் வருசக்கணக்கா மனசை விட்டுப் போகுதில்ல? என்ர கமரா சரியில்லையோ?

தம்பி,

கமராவை விடுங்கோ. எடிட்டர் சொல்லுறதும் பொய்யில்ல, ரெண்டு நாளைக்கு ஓடும்தான், பிறகு அடுத்த அழுகை வந்திரும். ஸ்கிரீன் முட்ட அழுற முகத்தைக் காட்டினா பாக்கிறவனுக்கு ஒரு வேலையும் இல்ல, "ஐயோ பாவம்" எண்டிட்டு தள்ளிக்கொண்டு போயிடுவான். மனசில நிக்கிற படம் மிச்சத்தை எங்களையே கண்டுபிடிக்க விடுது எண்டுதான் நான் நினைக்கிறன்.

சுனாமி முடிஞ்சு ரெண்டாம் நாள், 2004 டிசம்பர் 28, கடலூரில ரொய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்து ஆள் ஆர்கோ தத்தா எடுத்த படம் ஒண்டு இருக்கு, அந்த வருசத்து வேர்ல்ட் பிரஸ் போட்டோ விருதும் அதுக்குத்தான். தேடிப் பாருங்கோ. ஒரு அம்மா மண்ணில விழுந்து கிடந்து அழுறா, ரெண்டு கையும் விரிஞ்சு உள்ளங்கை மேல பாத்தபடி. முதல்ல கண் அவவிலதான் நிக்கும். கொஞ்சம் கழிச்சுத்தான் ஓரத்துக்குப் போகும், அங்க செத்துப்போன சொந்தக்காரர் ஒராளிட கை மட்டும் தெரியுது. முகம் இல்ல, உடம்பு இல்ல. அந்தக் கையைக் கண்ட பிறகு திரும்ப அவவப் பாருங்கோ, முதல் பாத்த படம் இல்ல அது. முழு உடம்பையும் காட்டியிருந்தா பாதிப்பேர் முகத்தைத் திருப்பியிருப்பாங்கள். (அந்தக் கிழமை கிண்ணியாவிலயும் இங்க திருகோணமலை டவுனிலயும் நாங்க பாக்காத உடம்பா.)

ஆனா இப்பிடி ஃப்ரேம், ஓரம் எண்டு ஒண்டும் இல்லாமலே பலமான படம் எங்கட ஊரிலயே எடுபட்டிருக்கு. 2006 ஜனவரி 2, காந்தி சிலையடிக் கடற்கரையில அஞ்சு மாணவர்கள் செத்தது உங்களுக்கு வீட்டில சொல்லியிருப்பினம். அவங்கள் கொண்டுவந்த குண்டு வெடிச்சுத்தான் செத்தவங்கள் எண்டு படைத்தரப்பு சொல்லிச்சு. சுடர் ஒளி பத்திரிகைச் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் அந்த உடல்களைப் படம் எடுத்தார், அதில தலையில கிட்ட நிண்டு சுட்ட காயம் தெரிஞ்சுது. ஜனவரி 24 இதே டவுனுக்குள்ள அவரையும் சுட்டுக் கொண்டிட்டாங்கள். அந்தப் படத்தில அழுறதுக்கு ஆரும் தேவைப்படேல்ல. ஒரு பக்கம் அறிக்கை, மற்றப் பக்கம் காயம், கணக்குப் போடுறது பாக்கிற ஆளின்ர வேலை. கணக்கு விளங்கின உடன வாற கோவமும் பயமும் இருக்கே, அது எந்தக் குளோசப்பிலயும் வராது.

அதுக்காக படம் தனியாப் பேசும் எண்டு நம்பிடாதீங்கோ. இடமும் திகதியும் இல்லாம அதே படத்தை இண்டைக்கு பேஸ்புக்கில போட்டா எந்த நாடு எண்டே தெரியாது, பழைய படத்தை புதுச் சண்டையெண்டு போடுற ஆக்களுக்குத்தான் வசதி.

சரி, உங்கட படங்கள். அழுற ஆச்சி படம் வேண்டாம், அவவிட்டக் கேட்டு எடுத்த மாதிரியும் தெரியேல்ல. மற்றது நல்ல படம், கொப்பியள் கொடியில துணி மாதிரிக் காயுது, பின்னால சுவரில தண்ணி நிண்ட கோடு கொடிக்கும் மேல நிக்குது. அந்தக் கோட்டைக் காணத்தான் எனக்கு கொஞ்ச நேரம் எடுத்தது. அது அப்பிடியே இருக்கட்டும், சிவப்பு வட்டம் போட்டுக் காட்டிடாதீங்கோ. ஆனா "வெள்ள அனர்த்தம்" எண்டு எழுதினா காணாது. எந்தக் கிராமம், என்ன திகதி, ஆரிட கொப்பி, என்ன வகுப்பு, இதெல்லாம் கேட்டு எழுதுங்கோ. பிள்ளையின்ர பேரைப் போடுறதெண்டா தாய் தேப்பனிட்டக் கேளுங்கோ. ஒரிஜினலை ஈமெயில்ல அனுப்புங்கோ, வாட்ஸ்அப்பில வந்தது மங்கலா இருக்கு, கொப்பியில என்ன எழுதியிருக்கு எண்டு வாசிக்க ஏலாமக் கிடக்கு.