ஒன்பதாம் வகுப்புக்கு மது, போதை பற்றிப் பட்டிமன்றம் வைக்கலாமா? (மதுரைப் பக்கத்து ஆசிரியர் ஒருவரின் கேள்வி)

வேண்டாம். பட்டிமன்றம் கேட்டே வளர்ந்த மதுரைக்காரர்களிடம் இதைச் சொல்வது கஷ்டம்தான். ஆனால் அதில் ஆறு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் கைதட்டுவார்கள். குடிகாரர் மாதிரி தள்ளாடி நடிக்கும் பையனுக்குத்தான் கைதட்டல் அதிகம். அப்பா குடிக்கிற பிள்ளை அப்போது எங்கே பார்க்கும்?

ஐந்தைந்து பேராகப் பிரித்து வகுப்பிலேயே விவாதிக்க விடுங்கள். 'மது நல்லதா, கெட்டதா' என்று தலைப்பு வைத்தால் எல்லோரும் கெட்டது என்று ஒப்பித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். இரண்டு பக்கமும் நிஜமாகவே பேச இடமிருக்க வேண்டும். 'கூட்டாளி பையில் கூல் லிப் (உதட்டுக்குள் அடக்கிவைக்கும் புகையிலைப் பை) இருக்கிறது. டீச்சரிடம் சொல்வதா, அவனிடமே பேசுவதா?' பிள்ளைகளுக்கு இது அன்றாடப் பிரச்சினை. கூல் லிப் மாணவர்களிடம் புழங்குவதைப் பார்த்து, நாடு முழுக்க ஏன் தடை செய்யக்கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே 2024-இல் கேட்டது.

45 நிமிட வகுப்பு என்றால் 10 நிமிடம் குழுவுக்குள் பேச்சு, 15 நிமிடம் வாதம், அடுத்த 10 நிமிடம் பக்கம் மாறி வாதம். பக்கம் மாற்றுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதுவரை ஜெயிக்கப் பேசிய பிள்ளை அங்கேதான் யோசிக்க ஆரம்பிக்கும். வீட்டுக் கதை, பெயர் இரண்டும் கூடாது, 'ஒரு பையன்' என்றுதான் பேச வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

"பீர் ஒண்ணும் பண்ணாது சார்" என்று ஒரு குரல் கட்டாயம் வரும். திட்டாதீர்கள், கரும்பலகையில் கணக்குப் போடச் சொல்லுங்கள். 650 மில்லி ஸ்ட்ராங் பீர் பாட்டில், 8 சதவீதம்: 52 மில்லி ஆல்கஹால், எடையில் சுமார் 41 கிராம். 180 மில்லி குவாட்டர், 42.8 சதவீதம்: சுமார் 61 கிராம். ஆக, ஒரு ஸ்ட்ராங் பீர் குவாட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. ஈரல் மணிக்கு 7 முதல் 10 கிராம்தான் கழிக்கும். அந்த ஒரு பாட்டிலுக்கே 4 முதல் 6 மணி நேரம்.

அடுத்தது, "எல்லாரும் போடுறாங்க". கடைசி 10 நிமிடத்தில் பெயரில்லாத சீட்டு கொடுங்கள். நீ போடுகிறாயா, வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் போடுகிறார்கள் என்று நினைக்கிறாயா என்று இரண்டே கேள்வி. டிக் மட்டும் போதும். எழுதச் சொன்னால் கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பெரும்பாலும் நினைப்பு நிஜத்தைவிட அதிகமாகத்தான் இருக்கும், அந்த வித்தியாசத்தை மறுநாள் சொல்லுங்கள். நிஜ எண்ணிக்கையே அதிகமாக இருந்தால் வகுப்பில் சொல்லாமல் தலைமையாசிரியரிடம் போங்கள்.

திருந்திய குடிகாரரை அழைத்துப் பேச வைப்பது பலன் தருவதில்லை. 'குடித்தாலும் மீண்டுவிடலாம்' என்றுதான் பிள்ளைகள் காதில் விழும்.

வகுப்பு முடிந்ததும் யாராவது தயங்கி நின்றால் மற்றவர்களை அனுப்பிவிட்டுப் பேசுங்கள். தண்டனை வராது என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். போதையை விடுவதற்கு 14446-ஐ அழைக்கலாம், வீட்டில் அடி உதை என்றால் 1098. இரண்டுக்கும் கட்டணம் கிடையாது.