பாப்பா வாங்கிய 5.5

அன்புள்ள ஐயா,

பாப்பா நிரப்பிய குணப் பரிசோதனைத் தாளை வாட்ஸப்பில் அனுப்பியிருந்தீர்கள், பார்த்தேன். ‘நியூரோட்டிசிசம்: அதிகம்’ என்ற வரியைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, “நரம்பு டாக்டரிடம் காட்டணுமா, நர்சிங் ஆசையை விட்டுவிடச் சொல்லவா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

நரம்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சட்டென்று பதறுகிற, கவலைப்படுகிற சுபாவத்துக்கு உளவியலில் வைத்த பெயர் அது. நோய் இல்லை. கூடக்குறைய எல்லோரிடமும் உண்டு. ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பார்களா என்று மே மாதம் முழுக்கப் புரண்டு படுக்கிற நம் ஆட்களிடம் இந்தத் தாளைக் கொடுத்தால் என்ன வருமோ!

இது உளவியலாளர் கோஸ்லிங்கின் குழுவினர் 2003-ல் வெளியிட்ட பத்துக் கேள்விப் பட்டியல். ஐந்து குணங்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டே கேள்வி. ‘எளிதில் பதறுவேன்’ என்பதற்குப் பாப்பா 7-க்கு 6 போட்டிருக்கிறாள். ‘அமைதியானவள்’ என்பதற்கு 3. அமைதி பதற்றத்துக்கு எதிர்ப்பக்கம் என்பதால் இதைத் தலைகீழாக்க வேண்டும். 8-ல் 3 போனால் 5. சராசரி 5.5. இரண்டிலும் ஒரே ஒரு கட்டம் தள்ளி 5, 4 என்று போட்டிருந்தால் 4.5, அதாவது நடுவான 4-ஐ ஒட்டி வந்திருக்கும். தாளில் தேதியைப் பார்த்தீர்களா? பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு முந்தின நாள்.

நேரமில்லாத ஆய்வாளர்கள் பெருங்கூட்டத்தை மொத்தமாகப் பார்க்கச் செய்த கருவி இது. கூட்டத்தில் ஒருவரின் பிசகை இன்னொருவரின் பிசகு ஓரளவு ஈடுகட்டிவிடும், தனி ஆளுக்கு அந்த வசதி கிடையாது. நெல் கொள்முதல் நிலையத்தில் ஒரு மூட்டையிலிருந்து ஒரு பிடி அள்ளி, ஈரம் 17 சதவீதத்துக்கு மேல் என்று மொத்தக் குவியலையும் ஒதுக்கினால் சும்மா விடுவீர்களா? 240 கேள்வி கொண்ட ‘நியோ’ என்ற விரிவான குணப் பட்டியலில் இந்த ஒரு குணத்துக்கே 48 கேள்வி. அதையும்கூட நான் சேர்க்கைக்குத் தடையாக வைக்க மாட்டேன்.

நீங்களே சொன்னீர்கள், அப்பத்தா வழுக்கி விழுந்த அன்று கை நடுங்க நடுங்க ஆட்டோ பிடித்து அழைத்துப் போனவள் அவள்தான் என்று. நர்சிங்குக்கு நான் பார்ப்பது அதை.

பல வாரமாகத் தூக்கமோ சாப்பாடோ இல்லையென்றால் மட்டும் அது வேறு விஷயம். மருத்துவரைப் பாருங்கள், அல்லது அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள்.

அப்புறம், அந்தத் தாளை அவள் கண்ணில் படாமல் எடுத்து வையுங்கள். சனிக்கிழமை இருவரும் வாருங்கள், கல்லூரிப் பட்டியலைப் பார்ப்போம்.