அலமாரிக்கு நடக்கிற சண்டை: வாசகர் கேள்வி பதில்

போன இதழில், அமெரிக்காவின் சின்ன பியர் கம்பெனிகள் பெரியவற்றோடு மோதுவதைக் காட்டும் 'பியர் வார்ஸ்' ஆவணப்படத்தைப் பற்றி நாலு வரி எழுதிவிட்டு, பார்த்தவர்கள் கேள்வி அனுப்பலாம் என்று சொல்லியிருந்தேன். அனுப்பிவிட்டீர்கள். திட்டியவர்கள்தான் அதிகம், படத்தை மட்டுமல்ல, என்னையும். சிலவற்றுக்குப் பதில்.

கேள்வி: நாங்கள் நாலு பேர் சேர்ந்து பார்த்தோம். இரண்டு பேர் உருகிவிட்டார்கள். மற்ற இரண்டு பேர், இது ஆவணப்படமே இல்லை, சின்னக் கம்பெனிகளுக்காக எடுத்த ஒன்றரை மணி நேர விளம்பரம் என்கிறார்கள். நீங்கள் எந்தக் கட்சி?

விளம்பரம் என்றவர்கள் பக்கம் பாதி, உருகியவர்கள் பக்கம் கால். மீதிக் காலை நானே வைத்துக்கொள்கிறேன்.

பார்க்காதவர்களுக்காக: அனட் பேரன் எடுத்த அமெரிக்கப் படம். 2009 ஏப்ரல் 16 அன்று ஒரே ஒரு இரவு, அமெரிக்கா முழுக்க 400-க்கும் மேற்பட்ட திரையரங்குகளில் ஓடியது, படம் முடிந்ததும் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து நேரலையில் ஒரு கலந்துரையாடலும் நடந்தது. அப்போது அமெரிக்காவில் விற்ற பியரில் ஏறத்தாழ பாதி அன்ஹைசர்-புஷ் என்ற ஒரே கம்பெனியுடையது. நாட்டில் இருந்த 1,600 சொச்சம் பியர் ஆலைகளில் பெரும்பாலானவை சிறியவை, அவை எல்லாம் சேர்ந்து விற்றது நூற்றுக்கு 5 பங்குகூட இல்லை. இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு யார் படம் எடுத்தாலும் சின்னவர் பக்கம்தான் சாய்வார். அது குற்றமில்லை. சாய்ந்த பிறகு சின்னவர்களிடம் ஒரு கடினமான கேள்விகூடக் கேட்காமல் விட்டதுதான் குறை. விளம்பர வாடை அங்கேதான் வருகிறது. மற்றபடி படத்தில் பெரிய கம்பெனி செய்வதாகக் காட்டிய எதையும் பொய் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

கேள்வி: பியர் நன்றாக இருந்தால் கடைக்காரர் வாங்கப்போகிறார். நேரே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதுதானே? படம் முழுக்க விநியோகஸ்தர், விநியோகஸ்தர் என்று புலம்புகிறார்களே, ஏன் என்றே புரியவில்லை.

இந்தக் கேள்வி மட்டும் பதினோரு பேரிடமிருந்து வந்திருக்கிறது. அப்படியென்றால் தப்பு உங்களுடையதில்லை, படத்துடையது. அதன் முதுகெலும்பே இந்த விஷயம்தான், அதைக் கார்ட்டூன் மாதிரி ஓட்டிவிட்டுப் போய்விட்டார்கள். கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

மதுவிலக்குக்கு முன்னால், அதாவது 1920-க்கு முன்பு, அமெரிக்காவில் குடிக்கும் கடைகள் பலவும் ஏதாவதொரு மது உற்பத்தியாளரின் பிடியில் இருந்தன. கடைக்கு வாடகை, மேஜை நாற்காலி, கடன் எல்லாம் அவர் கொடுப்பார், பதிலுக்கு அவர் பியரை மட்டும்தான் விற்க வேண்டும், அதுவும் நிறைய விற்க வேண்டும். 1933 டிசம்பரில் மதுவிலக்கு நீங்கியபோது அந்தப் பழைய கதை திரும்பக் கூடாது என்று நடுவில் சுவர் எழுப்பினார்கள். தயாரிப்பவர் ஒருவர், விநியோகிப்பவர் இன்னொருவர், சில்லறையில் விற்பவர் மூன்றாமவர். மூன்று அடுக்கு. விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், சில மாநிலங்களில் சின்னத் தயாரிப்பாளர் தானே வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய்க் கொடுக்கலாம், பல இடங்களில் முடியாது.

பெரியவர் சின்னவரை நசுக்கக் கூடாது என்று போட்ட சுவர் இது. ஆனால் நடுவில் நிற்கும் விநியோகஸ்தரின் வருமானத்தில் பெரும்பகுதி ஒரே கம்பெனியின் சரக்கிலிருந்து வந்தால் அவர் யார் பேச்சைக் கேட்பார்? 1990-களில் அன்ஹைசர்-புஷ் இதை வெளிப்படையாகவே செய்தது: தங்கள் மனசு முழுக்க எங்கள் சரக்கிலேயே இருக்க வேண்டும் என்று விநியோகஸ்தர்களிடம் சொல்லி, மற்றவர் சரக்கைக் கைவிட்டவர்களுக்குச் சலுகை கொடுத்தது. சரி, விநியோகஸ்தர் கவனிக்கவில்லை, வேறொருவரிடம் போகலாமே என்றால், பல மாநிலங்களில் சட்டம் விநியோகஸ்தரைக் காப்பாற்றுகிறது, தக்க காரணம் காட்டாமல் அவரை விட்டு விலக முடியாது. கல்யாணத்தையாவது ரத்து செய்துவிடலாம் போல.

அப்புறம் கடை அலமாரி. அலமாரியில் இடம் பிடிக்கக் கடைக்காரருக்குப் பணம் கொடுப்பது மதுவைப் பொறுத்தவரை சட்டப்படி குற்றம். ஆனால் எந்தச் சரக்கை எங்கே அடுக்கினால் விற்பனை கூடும் என்று படம் போட்டுக் கொடுத்து 'உதவலாம்'. பெரிய கடைகளுக்கு அந்த உதவியைச் செய்வது யார்? அதிகம் விற்கிற கம்பெனியின் ஆட்கள்தான். தேர்வு எழுதுகிறவரே விடைத்தாளையும் திருத்துகிறார். கண் மட்டத்தில் அவர் சரக்கும், குனிந்து எடுக்க வேண்டிய தட்டில் உங்கள் சரக்கும் இருப்பதில் ஆச்சரியம் என்ன?

கேள்வி: சாம் கலாஜியோனி வரும்போதெல்லாம் படம் ஜோராகப் போகிறது. நடுநடுவே அந்த ரோண்டா கால்மன் அம்மா வந்து அழுது வடிகிறார். காபிச் சத்து (காஃபீன்) போட்ட பியரை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு அலைகிறவருக்கும் சின்ன ஆலைகள் தங்கள் பாணியில் காய்ச்சும் கைவினை பியருக்கும் என்ன சம்பந்தம்? வெட்டி எறிந்திருக்கலாம்.

படம் வந்த நாளிலிருந்து இந்தப் புகார் இருக்கிறது. நான் இதில் நேர் எதிர்க்கட்சி.

சாம் கதை யாருக்கும் பிடிக்கும். 1995-ல் டெலவேர் மாநிலத்துக் கடற்கரை ஊரில் டாக்ஃபிஷ் ஹெட் என்ற பியர் கம்பெனியைத் தொடங்கியவர், அப்போது ஒரு தடவைக்குப் பத்துப் பன்னிரண்டு காலன்தான் காய்ச்சினார். பழைய பொம்மைக் கால்பந்து விளையாட்டுப் பலகை ஒன்றை வாங்கி, அது அதிர அதிர, பியருக்குக் கசப்பும் வாசனையும் தரும் ஹாப்ஸ் பூ கொஞ்சம் கொஞ்சமாகக் கொதிக்கிற பானையில் விழும்படி செய்தவர். ஆள் பார்க்க நன்றாக இருக்கிறார், பேசுகிறார். கேமரா அவரை விட்டு நகர மறுப்பது நியாயம்தான்.

ரோண்டா அப்படியில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், 1984-ல் ஜிம் காக்குடன் சேர்ந்து பாஸ்டன் பியர் கம்பெனியைக் கட்டியவர் அவர். அதற்கு முன்பு ஜிம் காக்கிடம் செயலாளராக வேலை பார்த்தவர். சாமுவேல் ஆடம்ஸ் என்ற அந்தக் கம்பெனி பியரை மதுக்கூடம் மதுக்கூடமாகப் போய் விற்று நாடறியச் செய்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த அனுபவம், அந்தத் தொடர்பு எல்லாம் இருந்தும், தனியாக மூன்ஷாட் என்ற அந்தக் காபிச் சத்து பியரோடு வந்தபோது கதவு திறக்கவில்லை. ராத்திரி நேரத்தில் மதுக்கூடத்தில் ஒவ்வொருவராகப் போய் 'கொஞ்சம் குடித்துப் பாருங்கள்' என்று கேட்கிறாரே, அந்தக் காட்சிகள்தான் எனக்குப் படத்திலேயே நிஜமாகப் பட்டன. திறமை இருந்தால் ஜெயிக்கலாம் என்று சாம் பகுதி சொல்லிக்கொண்டே போகிறது. இந்தம்மா அதற்குள் வந்து உட்கார்ந்து, திறமை இருக்கிறது, சரக்கு தப்பான சரக்கு, கையில் பணமில்லை, அப்போது என்ன ஆகும் என்று காட்டிவிட்டுப் போகிறார். பெரும்பாலான சின்னத் தொழில் இப்படித்தான் ஓடும், இப்படித்தான் நிற்கும். பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது என்பதற்காக வெட்டச் சொல்கிறீர்கள்.

படத்துக்குப் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 2010 நவம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், மதுவோடு காஃபீன் சேர்ப்பது பாதுகாப்பானதல்ல என்று நாலு கம்பெனிகளுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அதில் ஒன்று ஃபோர் லோகோ தயாரித்த கம்பெனி, கிட்டத்தட்ட 700 மில்லி டின்னில் 12 சதவீத ஆல்கஹால், கல்லூரிப் பையன்கள் குடித்து ஆஸ்பத்திரிக்குப் போன சமாச்சாரம். இன்னொன்று ரோண்டாவின் கம்பெனி. மூன்ஷாட்டில் ஆல்கஹால் 5 சதவீதம், சாதாரண பியர் அளவு. இரண்டும் ஒரே பட்டியலில். மூன்ஷாட் அத்தோடு முடிந்தது. பெரிய கம்பெனி எதுவும் அதைக் கொல்லவில்லை என்பதைக் கவனிக்கவும். அவர் பிறகு பாஸ்டனில் விஸ்கி, ரம் வடிக்கும் ஆலை ஒன்றைத் தொடங்கினார்.

கேள்வி: இயக்குநருக்கு ஆல்கஹாலே ஒத்துக்கொள்ளாதாமே, ஒவ்வாமையாம். குடிக்காதவர் பியரைப் பற்றிப் படமெடுத்தால் இப்படித்தான் இருக்கும்.

குடிக்காதவர் என்பதால்தான் சுவையைப் பற்றி அளக்காமல் விநியோகத்தைப் பற்றிப் பேசினார் என்று எனக்குத் தோன்றுகிறது. மேலும் அவர் மது கலந்த எலுமிச்சை பானக் கம்பெனி ஒன்றில் பொது மேலாளராக இருந்தவர், இந்த வியாபாரத்தின் சமையலறை தெரியும். மால்ட் என்ற முளைகட்டிய தானியம் எப்படி ஊறுகிறது, ஈஸ்ட் என்ன செய்கிறது என்றெல்லாம் காட்டவில்லை என்று இன்னும் மூன்று பேர் குறைபட்டிருக்கிறார்கள். அது வேறு படம்.

கேள்வி: பெரிய கம்பெனிகளே சின்னக் கம்பெனி வேஷம் போட்டு விற்கின்றன என்று படத்தில் வருகிறதே, இப்போதும் அப்படித்தானா? எப்படிக் கண்டுபிடிப்பது?

இப்போதும்தான். ப்ளூ மூன் 1995-லிருந்து கூர்ஸ் கம்பெனியுடையது, லேபிளைப் பார்த்தால் யாரோ ஒரு தாடிக்காரர் வீட்டுக் கொல்லையில் காய்ச்சியது போல இருக்கும். இது கைவினை பியர் என்று நினைத்து ஏமாந்தேன் என்று கலிஃபோர்னியாவில் ஒருவர் 2015-ல் வழக்கே போட்டார். தள்ளுபடி ஆனது. 2011-ல் சிகாகோவின் கூஸ் ஐலண்டை அன்ஹைசர்-புஷ் 3 கோடியே 88 லட்சம் டாலருக்கு வாங்கிய பிறகு வேஷமும் தேவைப்படவில்லை, நிஜ ஆளையே வாங்கிக்கொள்ளலாம் என்றாகிவிட்டது. 2017-ல் சிறு பியர் உற்பத்தியாளர் சங்கம் ஒரு முத்திரை கொண்டுவந்தது, தலைகீழான பாட்டில் படம், அது இருந்தால் பெரிய கம்பெனியின் கையில் இல்லாத தனிக் கம்பெனி. முத்திரை இருப்பதால் பியர் நன்றாக இருக்கும் என்று அர்த்தமில்லை.

கேள்வி: படத்தில் மார்தட்டிய வீரர்கள் எல்லாம் இப்போது எங்கே? விற்றுவிட்டுப் போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். ஏமாற்றமாக இருக்கிறது.

இதற்குத்தான் காத்திருந்தேன்.

ஸ்டோன் கம்பெனியின் கிரெக் காக் படத்தில் வருகிறார் அல்லவா. 'ஸ்டோன்' என்ற பெயரைத் தன் மலிவு பியரின் டின்னில் பெரிதாகப் போட்டதற்காகப் பெரிய கம்பெனி ஒன்றின் மேல் ஸ்டோன் வழக்குப் போட்டு, 2022 மார்ச்சில் ஜூரி 5 கோடியே 60 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. அதே ஆண்டு ஸ்டோன் ஜப்பானின் சப்போரோவுக்கு விற்கப்பட்டது. சாமின் டாக்ஃபிஷ் ஹெட் 2019-ல் சுமார் 30 கோடி டாலர் மதிப்பில் பாஸ்டன் பியரோடு இணைந்தது. ஆமாம், ரோண்டா கட்டிவிட்டு வெளியே வந்த அதே பாஸ்டன் பியர். படத்தின் இரண்டு முக்கிய பாத்திரங்களில் ஒருவர் எந்த வாசல் வழியாக வெளியே வந்தாரோ, அதே வாசல் வழியாக இன்னொருவர் உள்ளே போனார். கதாசிரியர் எழுதியிருந்தால் செயற்கை என்று திட்டியிருப்போம்.

ஏமாற்றம் என்கிறீர்கள், எனக்கு அப்படி இல்லை. முதலீடு போட்டவருக்கு ஒருநாள் பணம் திரும்பக் கிடைக்க வேண்டும், நிறுவனருக்கும் வயதாகும். தவிர 'சின்ன' என்பதே நழுவுகிற சொல். ஆண்டுக்கு 20 லட்சம் பீப்பாய்க்குள் என்று சங்கம் வைத்திருந்த வரம்பை பாஸ்டன் பியர் நெருங்கியபோது, 2010 கடைசியில் வரம்பை 60 லட்சமாக்கினார்கள். ஒரு பீப்பாய் 117 லிட்டர், பெருக்கிப் பாருங்கள். பையன் வளர்ந்துவிட்டால் புதுச் சட்டை தைப்பார்கள், இவர்கள் அளவு நாடாவையே மாற்றிக்கொண்டார்கள். படம் பெரியவர், சின்னவர் என்று கோடு போட்டுக் காட்டியதே, அந்தக் கோட்டில்தான் எனக்கு நம்பிக்கையில்லை. அந்தப் பக்கம் போகத் துடிக்காத சின்னவர்கள் உண்டு, ஆனால் அவர்கள் படத்தில் வரவில்லை. தங்கள் ஊரில், தங்கள் கூடத்திலேயே காய்ச்சி, அங்கேயே ஊற்றிக் கொடுத்து, விநியோகஸ்தரும் வேண்டாம் அலமாரியும் வேண்டாம் என்று இருப்பவர்கள். படம் வந்தபோது பல மாநிலங்களில் அதற்கே அனுமதியில்லை. வர்ஜீனியா 2012-ல் விட்டது, டெக்சாஸ் 2013-ல், கையோடு வாங்கிக்கொண்டு போக அங்கே 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1,600 என்று இருந்த ஆலைகளின் எண்ணிக்கை 9,000-ஐத் தாண்டியதற்கு இந்தச் சட்ட மாற்றங்கள் ஒரு பெரிய காரணம். இப்போது அதுவும் நிரம்பிவிட்டது போல, 2024-ல் அமெரிக்காவில் புதிதாகத் திறந்தவற்றைவிட மூடியவை அதிகம்.

கேள்வி: எனக்குப் பிடித்தது மலிவான, லேசான லைட் லாகர் பியர்தான். படம் பார்த்ததிலிருந்து நண்பர்கள் என்னை ஏதோ துரோகி மாதிரி பார்க்கிறார்கள். என்ன சொல்லிச் சமாளிப்பது?

அதைக் காய்ச்சுவது கஷ்டம் என்று சொல்லுங்கள். கிண்டல் இல்லை. ஹாப்ஸ் அள்ளிப் போட்ட ஐ.பி.ஏ. வகை பியரில் சின்னப் பிழை இருந்தாலும் கசப்பிலும் வாசனையிலும் மறைந்துவிடும். லைட் லாகரில் ஒளிந்துகொள்ள இடமே கிடையாது, நொதித்தலில் வெப்பநிலை கொஞ்சம் பிசகினாலும் நாக்குக்குத் தெரிந்துவிடும். அதையே பல ஊர் ஆலைகளில் காய்ச்சி, எல்லா பாட்டிலும் ஒரே மாதிரி இருக்கும்படி செய்கிறார்கள். அரிசி, சோளம் சேர்ப்பதும் வெறும் சிக்கனத்துக்காக வந்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்களுக்கு அங்கே கிடைத்த பார்லியில் புரதம் அதிகம், பியர் கலங்கலாக வந்தது, அதைத் தெளியவைக்கத்தான் அரிசியும் சோளமும் உள்ளே வந்தன. நண்பர்கள் இவ்வளவையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களா என்பது வேறு விஷயம்.