பிறர் வீட்டுச் சன்னல் வழியே

கேள்வி: படுக்கையில் இருக்கும் என் தாயார், உலகின் பல ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டுச் சன்னல் காட்சிகளைப் பகிரும் ‘விண்டோஸ்வாப்’ தளத்தை விரும்பிப் பார்க்கிறார். முன்பின் அறியாதவர் வீட்டிலிருந்து இப்படிப் பார்ப்பது முறைதானா? - வாசகி, தென்காசி

பதில்: தாராளமாகப் பார்க்கட்டும். கொரோனா ஊரடங்கில் உலகமே வீட்டுக்குள் முடங்கிய 2020இல், சிங்கப்பூரில் வசித்த சோனாலி ரஞ்சித், வைஷ்ணவ் பாலசுப்ரமணியம் தம்பதியர் தொடங்கிய தளம் அது. அதிலுள்ளவை நேரலைக் காட்சிகள் அல்ல. வீட்டுக்காரர்களே சுமார் 10 நிமிடம் ஒலியோடு படம்பிடித்து, மனமுவந்து அனுப்பியவை. திண்ணையில் உட்காரச் சொன்னவர் வீட்டில் உட்காருவதற்குக் கூச்சம் எதற்கு?

எனக்கும் அந்தக் காட்சிகள் மிகவும் பிடிக்கும். கண்ணாடியில் வழுக்கி இறங்கும் ஒரு மழைத்துளி, இன்னொன்றோடு சேர்ந்து சட்டென வேகமெடுப்பதை நம் வீட்டில் நின்று பார்க்க யாருக்குப் பொழுதிருக்கிறது!

பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களில், சன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள், செங்கல் சுவரை மட்டுமே கண்டவர்களைவிட விரைவில் வீடு திரும்பியதாக அமெரிக்க ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் 1984இல் எழுதினார். அவர் ஆராய்ந்தது 46 நோயாளிகளை மட்டுமே என்றாலும், அம்மாவின் கட்டிலை உங்கள் வீட்டுச் சன்னல் பக்கமாகவும் திருப்பிப் போட்டுப் பாருங்கள்.